செல்போன் கட்டணம்: அரசே விலை வைக்கட்டுமா, போட்டியைக் காக்கட்டுமா?

ரீசார்ஜ் விலை ஏறும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. பஸ் டிக்கெட்டுக்கு அரசு விலை வைக்கிறதே, செல்போனுக்கு ஏன் வைக்கக் கூடாது? 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணத்தை உயர்த்தியபோது இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு கேட்டது. அரசு தலையிட்டால் போட்டி செத்துவிடும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். தலையிடாததால்தான் போட்டியே இல்லாமல் போனது என்கிறார்கள் இன்னொரு சாரார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மக்களிடம் கருத்துக் கேட்கும்போது எதை ஆதரித்து எழுதுவது என்று தெரியாமல் நிற்கும் வாசகர்களுக்காகவும் நுகர்வோர் குழுக்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது?

இந்த விவாதத்தில் எல்லோரும் நிமிடக் கட்டணத்தையே பேசுகிறார்கள். அது பழைய அளவுகோல். 1995 ஜூலையில் இந்தியாவில் செல்போன் வந்தபோது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆனது. இன்கமிங் அழைப்புக்கும் காசு. இன்று பேக் போட்டுவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். நிமிடக் கணக்கில் பார்த்தால் இது பெரும் வெற்றிதான்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. எண்ணை உயிரோடு வைத்திருக்க மாதம் குறைந்தது எவ்வளவு கட்ட வேண்டும்? ஒரு காலத்தில் 'லைஃப்டைம்' சிம் வாங்கியவர்கள் ரீசார்ஜே செய்யாமல் இன்கமிங் மட்டும் வைத்துப் பல மாதங்கள் ஓட்டினார்கள். 2018 இறுதியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் 28 நாளுக்கு 35 ரூபாய் குறைந்தபட்ச ரீசார்ஜைக் கொண்டுவந்தன. 2024 ஜூலைக்குப் பிறகு அதே நிறுவனங்களில் 28 நாள் அன்லிமிடெட் பேக் 199 ரூபாய். 35 ரூபாய்க்குக் கொஞ்சம் டாக்டைம்தான் கிடைத்தது, 199க்கு வரம்பில்லாமல் பேசலாம், 2 ஜிபி டேட்டாவும் உண்டு. பொருள் வேறு என்பது உண்மைதான். ஆனால் பட்டன் போனில் வாரத்துக்கு நாலு தடவை மகளிடம் பேசும் பாட்டிக்கு அந்தக் கூடுதல் பொருளால் என்ன பயன்? அவருக்கு விலை மட்டும்தான் ஏறியிருக்கிறது.

அதனால் நான் வைக்கும் முதல் அளவுகோல் இந்த நுழைவு விலை. இரண்டாவது, புதிய அல்லது சிறிய நிறுவனம் சந்தையில் நிற்க முடிகிறதா என்பது. மூன்றாவது, டவர் போடவும் நெட்வொர்க்கைப் புதுப்பிக்கவும் பணம் வருகிறதா. கடைசியாக, விதியை ஏய்க்க முடியாதபடி நடைமுறைப்படுத்த முடியுமா, அதுவும் காலம் கடந்துபோவதற்குள்.

## 1. உச்சவரம்பு: "இதற்கு மேல் வாங்கக் கூடாது"

டிராய் சட்டத்தின் 11(2) பிரிவு கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தை ஆணையத்துக்குத் தருகிறது. எனவே அதிகாரம் இல்லை என்பது சரியான பதில் இல்லை. உள்நாட்டு ரோமிங்குக்கு டிராய் உச்சவரம்பு வைத்தே வந்திருக்கிறது. 2015 மே மாதம் ரோமிங்கில் இன்கமிங் அழைப்புக்கான வரம்பை நிமிடத்துக்கு 75 பைசாவிலிருந்து 45 பைசாவாகக் குறைத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2019 மே மாதத்திலிருந்து, ஓர் உறுப்பு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பேசும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 19 சென்ட் என்று வரம்பு வைத்தது.

இரண்டு இடத்திலும் காரணம் ஒன்றுதான். ரயிலில் மாநில எல்லையைத் தாண்டியவர் அந்த ஒரு அழைப்புக்காக நிறுவனத்தை மாற்ற முடியாது. வேறு வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர் இருக்கும் இடத்தில்தான் உச்சவரம்பு நன்றாக வேலை செய்யும்.

எல்லா பேக்குக்கும் உச்சவரம்பு என்றால் கதை வேறு. எந்த விலை நியாயம் என்று யார் கணக்குப் போடுவது? அலைக்கற்றை ஏலத்துக்குக் கட்டிய பணம், 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அரசுக்குக் கட்ட வேண்டிவந்த வருவாய்ப் பங்கு நிலுவை, 5ஜி செலவு எல்லாவற்றையும் சேர்த்தால் நிறுவனங்கள் காட்டும் செலவு எங்கேயோ போய் நிற்கும். அப்புறம், வரம்பு வைத்தால் எல்லோரும் அந்த வரம்பிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும் ஆபத்து உண்டு. வரம்பு பேக் விலைக்கு மட்டும் என்றால் வேலிடிட்டியைச் சுருக்கிவிடலாம். 28 நாளையே ஒரு மாதம் என்று விற்று வருடத்துக்குப் பதின்மூன்று ரீசார்ஜ் செய்யவைத்தது நாம் பார்த்ததுதான். 2022இல் டிராய் தலையிட்ட பிறகே 30 நாள் பேக் ஒன்றாவது கட்டாயமானது.

## 2. குறைந்தபட்ச விலை: "இதற்குக் கீழே விற்கக் கூடாது"

இதைக் கேட்டவர்கள் நிறுவனங்களே. 2019 டிசம்பரில் டிராய் இது பற்றிக் கருத்துக் கேட்டது. 2020 தொடக்கத்தில் வோடபோன் ஐடியா முன்வைத்த கோரிக்கை இது: மாதம் 50 ரூபாய் இணைப்புக் கட்டணம், அவுட்கோயிங்குக்கு நிமிடத்துக்கு 6 பைசா, டேட்டாவுக்கு ஜிபிக்கு 35 ரூபாய். இதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது. வாதம் எளிது. கையில் பணம் கொழிக்கும் ஒருவர் நஷ்டத்துக்கு விற்றுக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் மூடிவிட்டுப் போவார்கள், பிறகு மிஞ்சியவர் வைத்ததே விலை.

இந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஏர்செல் நினைவிருக்கும். இங்கே வேரூன்றி வளர்ந்த அந்த நிறுவனம் 2018 பிப்ரவரியில் திவால் நடவடிக்கைக்குப் போனபோது, அதே எண்ணோடு வேறு நிறுவனத்துக்கு மாற உதவும் போர்ட் கோடு கேட்டு ஊர் ஊராக மக்கள் கடை வாசலில் நின்றார்கள். விலைப்போரில் ஒரு நிறுவனம் சாயும்போது அதன் வாடிக்கையாளரும் அடிபடுகிறார்.

ஆனால் தீர்வாகக் குறைந்தபட்ச விலையை ஏற்க முடியவில்லை. முதல் காரணம், விலையைக் குறைத்து உள்ளே நுழைவதுதான் புதியவர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். 2009இல் டாடா டோகோமோ நொடிக்கு 1 பைசா என்று வந்ததும்தான் மற்றவர்களும் நிமிடக் கணக்கை விட்டு நொடிக் கணக்குக்கு இறங்கினார்கள். அன்று குறைந்தபட்ச விலை இருந்திருந்தால் அந்த மாதிரித் திட்டம் அனுமதிக்காகக் காத்துக் கிடந்திருக்கும். இரண்டாவது காரணம் இலங்கை. அங்கே 2009இல் ஏர்டெல் நுழைந்து விலைப்போர் மூண்டது. 2010இல் ஒழுங்குமுறை ஆணைக்குழு குறைந்தபட்சக் கட்டணம் நிர்ணயித்தது. அப்போது செல்பேசி நிறுவனங்கள் ஐந்து. 2018இல் எட்டிசலாட் ஹட்சுடன் இணைந்தது, 2024இல் ஏர்டெல் டயலாக்குடன் இணைந்தது. இப்போது மூன்று. விலைக்கு அடியில் தடுப்பு வைத்தது நிறுவனங்களின் எண்ணிக்கையைக் காப்பாற்றிவிடவில்லை.

மூன்றாவது காரணம் நம் ஊர்க் கணக்கு. தினமும் 10 நிமிடம் பேசுகிறவருக்கு 28 நாளில் 280 நிமிடம். வோடபோன் ஐடியா கேட்ட விலைப்படி 50 ரூபாயும் 16 ரூபாய் 80 பைசாவும் சேர்த்து 67 ரூபாய்கூட ஆகாது. அந்தக் கோரிக்கையை டிராய் ஏற்கவில்லை. இருந்தும் 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என மூன்று சுற்று உயர்வில் நுழைவு விலை அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. மூன்று தனியார் நிறுவனங்கள் மட்டும் மிஞ்சிய சந்தையில் விலையைத் தூக்க அரசின் ஆணை தேவைப்படவில்லை. இன்று யாராவது குறைந்தபட்ச விலை கேட்டால் அதை ஆதரிக்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

## 3. சந்தைக்கே விடுவது

இப்போது நடப்பில் இருப்பது பெரும்பாலும் இதுதான். நிறுவனம் விலை வைக்கும், டிராயிடம் தெரிவிக்கும். பாகுபாடு கூடாது, விவரங்களை மறைக்கக் கூடாது போன்ற பொது நெறிகளை மீறினால் மட்டுமே ஆணையம் கேட்கும். 2024 உயர்வின்போதும் விலையைச் சந்தை முடிவு செய்கிறது என்பதே அரசின் விளக்கம்.

இந்த வழி தோற்றது என்று சொல்ல முடியாது. ஒரே தொலைத்தொடர்பு வட்டத்தில் (உரிமப் பகுதியில்) பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் மோதிய காலத்தில் உலகிலேயே மலிவான அழைப்புகளில் நம்முடையதும் ஒன்றாக இருந்தது. அழைப்புக் கட்டணத்தைக் குறைக்கும் 'ரேட் கட்டர்' பேக் போட்டுக்கொண்டு பேசிய தலைமுறைக்கு அது தெரியும். ஆனால் அந்த வெற்றிக்குக் காரணம் அரசு ஒதுங்கியிருந்தது மட்டும் இல்லை. 1999 கொள்கை உரிமக் கட்டணத்தை வருவாய்ப் பங்காக மாற்றியது. அழைப்பவரே காசு கட்டும் முறை 2003 மே மாதம் வந்ததால்தான் இன்கமிங் இலவசமானது. புதிய உரிமங்களும் அரசு கொடுத்தவையே. மேடையை அரசு போட்டுக் கொடுத்த பிறகே சந்தை அதில் ஆடியது.

இன்று முதல் இரண்டு நிறுவனங்களிடமே ஏறத்தாழ முக்கால்வாசி வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். நாலு பேர் உண்மையாக மோதும்போது சந்தைக்கு விடுவது நல்ல தேர்வு. இரண்டு பேர் மட்டும் பலமாக இருக்கும்போது அதன் மறைமுகச் செலவை நுழைவு விலையில் கட்டுகிறோம்.

## 4. விலையை விட்டுவிட்டு, என்ன விற்க வேண்டும் என்று சொல்வது

இந்த வழிக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை. 2024 டிசம்பரில் டிராய் ஒரு திருத்தம் கொண்டுவந்தது: ஒவ்வொரு நிறுவனமும் டேட்டா இல்லாமல், பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டும் ஒரு பேக்காவது விற்க வேண்டும். வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம். விலையை டிராய் தொடவில்லை.

2025 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். 6 ஜிபி டேட்டாவுடன் 509 ரூபாய்க்கு விற்ற 84 நாள் பேக்கில் டேட்டாவை எடுத்துவிட்டு ஏர்டெல் 499 என்று வைத்தது. விலையில் இறங்கியது வெறும் 10 ரூபாய். ஜியோ 84 நாளுக்கு 458 வைத்தது. இந்த விலைகளை ஆராயப்போவதாக டிராய் அறிவித்தது. சில நாட்களிலேயே ஏர்டெல் 469, ஜியோ 448 என்று இறங்கின. வருடப் பேக் ஏர்டெல்லில் 1,959இலிருந்து 1,849 ஆனது. ஆணை எதுவும் போடவில்லை. கவனிக்கிறோம் என்று ஆணையம் சொன்னதற்கே இவ்வளவு.

சரி, இது போதுமா? 469 ரூபாயை மூன்றாக வகுத்தால் 28 நாளுக்கு 156 ரூபாய். முன்பு 199 ரூபாய் பேக் போட்டவருக்கு 43 ரூபாய் மிச்சம். ஆனால் அந்தச் சலுகைக்கு 469 ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்க வேண்டும். தினக்கூலி வாங்கும் குடும்பத்தில் அது சிறிய தொகை இல்லை. வருடப் பேக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. மூன்றாம் மாதம் சிக்னல் மோசமாகி வேறு நிறுவனத்துக்கு மாறினால் மீதி ஒன்பது மாத வேலிடிட்டி போய்விடும். போர்ட் செய்யும்போது பழைய பேக்கோ பேலன்ஸோ கூட வராது. நீண்ட வேலிடிட்டி பேக் வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் கயிறும்தான்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்து மொத்தமாக ரீசார்ஜ் செய்துவிடும் வீட்டுப் பெரியவர்களுக்கு வருடப் பேக் பொருத்தமானது. மாதாமாதம் கையிருப்பைப் பார்த்துச் செலவு செய்பவருக்கு 28 அல்லது 30 நாள் வாய்ஸ் பேக் வேண்டும். விதி அதைக் கட்டாயமாக்கவில்லை.

## 5. போட்டியின் விதிகளைக் கட்டுப்படுத்துவது

வாடிக்கையாளர் கண்ணில் படாத விலை ஒன்று உண்டு. உங்கள் அழைப்பு வேறு நிறுவனத்தின் எண்ணுக்குப் போனால், உங்கள் நிறுவனம் அந்த நிறுவனத்துக்குக் காசு கொடுத்து வந்தது. நெட்வொர்க்குகளுக்கு இடையிலான இந்த இணைப்புக் கட்டணத்தை டிராய் 2015இல் 14 பைசாவாகவும், 2017 அக்டோபரில் 6 பைசாவாகவும் குறைத்து, 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யமாக்கியது. புதிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் செய்யும் அழைப்புகளில் பெரும்பகுதி வெளியேதான் போகும். எனவே இந்தக் கட்டணம் பெரியவர்களுக்குச் சாதகமாகவும் சின்னவர்களுக்குச் சுமையாகவும் இருந்தது. இலவச அழைப்பு என்ற வாக்கோடு வந்த ஜியோவே 2019 அக்டோபரில் மற்ற நெட்வொர்க் அழைப்புகளுக்கு 6 பைசா வாங்கத் தொடங்கியதற்கு இதைத்தான் காரணம் சொன்னது. கட்டணம் பூஜ்யமானதும் அதை நிறுத்தியது.

அடுத்தது எண் மாறாமல் நிறுவனம் மாறும் உரிமை. 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி 2011 ஜனவரியில் நாடு முழுதும் வந்தது. 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பி போர்ட் கோடு வாங்கினால் சில நாளில் மாறிவிடலாம். விலையைக் குறைக்கச் சொல்லி ஆணை போடுவதைவிட, 'போய்விடுவேன்' என்று வாடிக்கையாளர் சொல்ல முடிவது நிறுவனத்தை அதிகம் பயமுறுத்தும். ஆனால் இந்த உரிமை எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. 2ஜி பட்டன் போன் வைத்திருப்பவர் ஜியோவுக்குப் போக முடியாது, அங்கே 2ஜி இல்லை. ஊரில் ஒரே நிறுவனத்தின் டவர்தான் எடுக்கும் என்றால் போர்ட் கோடு வாங்கி என்ன பயன்?

இந்த வழியின் பெரிய குறை தாமதம். 2016இல் ஜியோவிலிருந்து வரும் அழைப்புகளை ஏற்கப் போதிய இணைப்பு முனைகள் தரவில்லை என்று ஏர்டெல், வோடபோன், ஐடியா மீது மொத்தம் 3,050 கோடி ரூபாய் அபராதத்தை டிராய் அந்த அக்டோபரிலேயே பரிந்துரைத்தது. தொலைத்தொடர்புத் துறை அபராதம் விதித்தது 2021இல். ஐந்து வருடம்! அதற்குள் வோடபோனும் ஐடியாவும் ஒரே நிறுவனமாகிவிட்டன. எதிர்ப்பக்கப் புகாரும் எடுபடவில்லை. மாதக்கணக்கில் இலவசமாகக் கொடுத்து ஜியோ சந்தையைக் கெடுக்கிறது என்ற ஏர்டெல்லின் புகாரை போட்டி ஆணையம் 2017 ஜூனில் தள்ளுபடி செய்தது. ஆதிக்க நிலையில் இருக்கும் நிறுவனம் நஷ்ட விலையில் விற்றால்தான் சட்டப்படி குற்றம், ஜியோ அப்போது புதியது. 2018இல் நஷ்ட விலைக்கு டிராய் கொண்டுவந்த தனி விதியை அந்த ஆண்டு டிசம்பரிலேயே தொலைத்தொடர்பு வழக்குகளுக்கான தீர்ப்பாயம் ரத்து செய்தது. நஷ்ட விலை எது, புதியவரின் நியாயமான அறிமுகச் சலுகை எது என்பதற்குத் தெளிவான கோடு இன்னும் தேவைப்படுகிறது.

## 6. அரசே ஒரு போட்டியாளராக இருப்பது

2002 அக்டோபரில் பிஎஸ்என்எல் செல்போன் சேவை தொடங்கியதும் தனியார் விலை வேகமாக இறங்கியது. 2024 ஜூலை உயர்வின்போது கட்டணத்தை ஏற்றாத ஒரே நிறுவனமும் அதுதான். அந்த ஒரு மாதத்தில் தனியார் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களை இழந்தன, பிஎஸ்என்எல்லுக்குச் சுமார் 29 லட்சம் பேர் கூடினார்கள். விலையேற்றத்துக்கு மக்கள் கொடுத்த பதில் அது.

இதன் செலவு ரீசார்ஜில் தெரியாது, வரிப்பணத்தில் இருக்கிறது. 2019இல் சுமார் 69,000 கோடி, 2022இல் 1.64 லட்சம் கோடி, 2023இல் 89,047 கோடி ரூபாய் மதிப்பில் மீட்புத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. அத்தனைக்கும் பிறகு உள்நாட்டுத் தொழில்நுட்பத்திலான 4ஜி சேவை முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது 2025 செப்டம்பரில்தான். சிக்னல் கிடைக்காமல் திரும்பிப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு நெருடலும் உண்டு. அரசுக்குத் தர வேண்டிய நிலுவையைப் பங்காக மாற்றியதில் வோடபோன் ஐடியாவின் ஏறத்தாழ 49 சதவீதம் இப்போது அரசு கையில். உரிமம் கொடுப்பவர், கடன் கொடுத்தவர், பங்குதாரர், போட்டியாளர் என எல்லாமாக ஒரே அரசு நிற்கிறது. விலையேற்றம் வோடபோன் ஐடியாவைக் காப்பாற்றும் என்றால், அதை எதிர்க்கும் ஆர்வம் அரசுக்கு எவ்வளவு இருக்கும்?

## ஒரே பார்வையில்

| வழி | நுழைவு விலை | சிறிய நிறுவனம் | முதலீடு | நடைமுறை | எப்போது நல்லது |
|---|---|---|---|---|---|
| உச்சவரம்பு | குறையும் | நெருக்கடி | குறையலாம் | வேலிடிட்டியில் ஏய்க்கலாம் | வாடிக்கையாளர் மாட்டிக்கொண்ட இடத்தில் |
| குறைந்தபட்ச விலை | ஏறும் | இருப்பவருக்கு நிம்மதி, வருபவருக்குத் தடை | கூடும் | எளிது | விலைப்போரில், குறுகிய காலத்துக்கு |
| சந்தைக்கு விடுவது | போட்டியைப் பொறுத்தது | பாதுகாப்பில்லை | கூடும் | எளிது | நாலு பேராவது மோதும்போது |
| பேக் வகையைக் கட்டாயமாக்குவது | ஓரளவு குறையும் | பாதிப்பில்லை | பெரிய பாதிப்பில்லை | எளிது | குறைவாகப் பயன்படுத்துவோருக்கு |
| போட்டி விதிகள் | மெதுவாகக் குறையும் | நல்லது | பாதிப்பில்லை | தாமதம் | புதியவர் வரும்போது |
| அரசு நிறுவனம் | குறையும் | கலவை | வரிப்பணம் | நிர்வாகத்தைப் பொறுத்தது | தனியார் போகாத ஊரில் |

## நீங்கள் எதை ஆதரித்து எழுதலாம்?

டேட்டா அதிகம் பயன்படுத்தும், நல்ல சிக்னல் உள்ள நகரவாசிக்கு விலைக் கட்டுப்பாடு பெரிதாக எதையும் தராது. அவருக்குப் போட்டி விதிகளும் நல்ல நிலையில் இருக்கும் பிஎஸ்என்எல்லும் போதும். நான் கவலைப்படுவது பேசுவதற்கு மட்டும் போன் வைத்திருப்பவர்களை நினைத்து. வங்கி ஓடிபி, ரேஷன், ஆதார் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வருகிறது. விலை பிடிக்கவில்லை என்று எண்ணை விட்டுவிட அவர்களால் முடியாது. ரோமிங்கில் மாட்டிக்கொண்டவருக்கு உச்சவரம்பு நியாயம் என்றால் இவர்களுக்கும் நியாயமே.

அதனால் நான் ஆதரிப்பது ஒரு கலவையை. பொதுக் கட்டணத்தைச் சந்தைக்கு விடட்டும். வாய்ஸ் பேக்கை 30 நாளுக்கும் கட்டாயமாக்கி, அந்த ஒரு பேக்குக்கு மட்டும் டிராய் உச்சவரம்பு வைக்கட்டும். போர்ட் செய்பவரின் மீதி வேலிடிட்டிக்குப் பழைய நிறுவனம் நாள் கணக்கில் பணத்தைத் திருப்பித் தரட்டும். ஒரு நிறுவனம் இன்னொன்றுக்கு இணைப்பு தர மறுத்தது என்ற புகாருக்குத் தீர்ப்பு சொல்லக் கால வரம்பு வேண்டும். குறைந்தபட்ச விலை வேண்டாம்.

டிராய் ஒரு விஷயத்தில் கருத்துக் கேட்டால் அந்த அறிக்கை அதன் இணையதளத்தில் வரும். யார் வேண்டுமானாலும் மின்னஞ்சலில் பதில் அனுப்பலாம், பிறகு நடக்கும் திறந்த கூட்டத்திலும் பேசலாம். நிறுவனங்கள் பல பக்கத்துக்கு அறிக்கை அனுப்புகின்றன. நீங்கள் அனுப்பும் ஒரு பக்கத்தில் 'விலை அதிகம்' என்பதோடு நிறுத்தாமல், உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் கடந்த ஒரு வருடத்தில் எத்தனை ரீசார்ஜ், மொத்தம் எவ்வளவு, அதில் டேட்டா பயன்படுத்தாத எண் எது, உங்கள் ஊரில் எத்தனை நிறுவனத்தின் சிக்னல் எடுக்கிறது என்ற நாலு விவரங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.